நான்கு இல்லாத வரிசை

மூஞ்சிக்கல்லில் பஸ் திரும்பும் வளைவில்
ஏழடிக்கு ஐந்தடி, ஜெனிட்டா மொபைல்ஸ்.
பெயர் என்னுடையது, கடன் கூட்டுறவு வங்கியுடையது.
மேசை இழுப்பறையில்
ஒன்றிலிருந்து பதினொன்று வரை செத்துக் கிடக்கின்றன,
நான்கைத் தவிர.
நான்கு வரவேயில்லை.
செய்கிற தேசத்தில் அந்த எண்ணும் சாவும்
ஒரே மாதிரி ஒலிக்குமாம்.
மூன்றுக்குப் பிறகு நேராக ஐந்து.
எண்ணத் தெரியாத கம்பெனி என்று சிரித்தார்
பக்கத்தில் தைலம் விற்கும் அமலதாஸ்.

ஒன்றின் முதுகை நகத்தால் திறக்கலாம்.
பேட்டரியை எடுத்து, ஊதி, துணியில் தேய்த்து
மறுபடி போட்டால் பாதி வியாதி போய்விடும்.
அதற்குக் காசு வாங்கியதில்லை என்று சொன்னால் பொய்.
முப்பது ரூபாய்.

இரண்டில் கேமரா கொஞ்சம் தேறியது.
மூன்று கொதித்தது.
கீழே, வத்தலக்குண்டில், மதுரையில்,
கடைக்காரன் மேசைமேல் எறிந்துவிட்டுப் போனார்களாம்.
இங்கே மார்கழியில்
ஸ்வெட்டர் பைக்குள் அதைப் போட்டுக்
கைகளையும் கூடவே நுழைத்துக்கொண்டோம்.
‘முன்ன மாதிரி சூடு இல்லைங்க’ என்று
ரிப்பேருக்குக் கொண்டுவந்தவரும் உண்டு.

ஐந்தில் முதுகு ஒட்டிக்கொண்டது.
ஆறில் பொத்தான் போய் ரேகை வந்தது.
பூண்டு உரிக்கிற மாதத்தில்
பூம்பாறையில் யாருக்கும் ரேகை கிடையாது.
வேலம்மா கட்டைவிரலை அழுத்தி, நக்கி, அழுத்தி,
கடைசியில் மூக்கு நுனியைப் பதிவு செய்தாள்.
திறந்தது.
மூன்று வருஷம் அவள் போனை
முகர்ந்துதான் பேசினாள்.

ஏழைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நிறம் மாற்றினார்கள்.
எட்டில் இயர்போன் ஓட்டையை அடைத்தார்கள்.
ஒன்பது முகத்தைக் காட்டச் சொன்னது;
குல்லாவும் மப்ளருமாய் நின்ற ஊரில்
யாருமே அவரவராக இல்லை.
பத்துக்கு முதுகும் கண்ணாடி.
எல்லோரும் திட்டினார்கள், நான் திட்டவில்லை.
இந்த ரோட்டில் விழுந்தால் இரண்டு பக்கமும் உடையும்.
என் கடைக்கு ஷட்டர் போட்டது பத்துதான்.

இப்போது பன்னிரண்டு.
மூன்று கண். பெட்டிக்குள் சார்ஜர் இல்லை.
தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று
பெட்டியில் படம் போட்டிருக்கிறது.
மேகத்தைப் பற்றி
அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போல.

நேற்று வேலம்மா அதைத்தான் நீட்டினாள்.
வடுகபட்டி மண்டிக்குப் பூண்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள்.
‘பூசணம் பிடிச்சிருக்கே’ என்று
கிலோவுக்கு நாற்பது குறைத்திருக்கிறான் கமிஷன்காரன்.
பூண்டில் இல்லை.
கேமராக் கண்ணாடிக்கு உள்பக்கம்
யாரோ விட்ட மூச்சு போல நின்றிருந்தது.

ஹேர் டிரையர், குறைந்த சூட்டில்.
முதுகு பிரிய அரைமணி.
ஒவ்வொரு கண்ணாக ஒற்றியெடுத்துக்கொண்டிருந்தபோது
இழுப்பறையைக் கிளறினாள் வேலம்மா.
மூன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.
ஜில்லென்றிருந்திருக்கும்.
ஒன்றும் சொல்லாமல் ஐந்துக்குப் பக்கத்தில் வைத்தாள்,
இடைவெளி விடாமல்.

பசை தடவிக் கவ்வி மாட்டும்போது கரண்ட் போனது.
கடைக்குள் இருட்டு.
கேமராவைத் திறந்து வாசல் பக்கம் பிடித்தேன்.
திரை முழுக்க வெள்ளை.
துடைத்தேன்.
வெள்ளை.
போனை இறக்கிவிட்டுப் பார்த்தேன்.
வாசலும் வெள்ளை.
அதற்குள்ளிருந்து
பழனி பஸ்ஸின் ஹாரன் மட்டும் திரும்பியது.

‘சரியாயிருச்சா?’

‘தெரியலைக்கா. உட்காருங்க,
தெரு வரட்டும்.’