வியாழன், சலவைக்கடை மாடி

கிடினியாவில் காற்று குறுக்கே அடிக்கும் துறைமுகத் தெரு.
ஏழு மணிக்கு ஆறு பேர்
சலவைக்கடையின் மாடிக்கு ஏறுகிறோம்.
கீழே எந்திரங்கள் பிழியும்போது
மேலே கோப்பையில் தேநீர் நடுங்கும்.

யாக்னா எங்களில் ஆக இளையவள்.
பயிற்சியாளர் என்று அறிவிப்பில் போட்டிருந்தது.
எதையும் பயிற்றியதாக நினைவில்லை.
கோழி வடிவக் கடிகாரத்தைத் திருகிவைப்பாள்.
நாற்பது நிமிடம், பேச்சு கிடையாது.
அவளும் எழுதுவாள், என்னவென்று சொன்னதில்லை.
அதற்குமுன் வெள்ளைப் பலகையில்
அவரவர் பெயருக்கு எதிரே
அந்த வாரம் எழுதிய சொற்களின் எண்ணிக்கை.
சுழியம் எழுதலாம்.
பொய் எழுதக்கூடாது.

ஸ்வாவோமிர் டிராம் ஓட்டுபவர்.
அலைதடுப்புச் சுவரைப் பற்றி அறுநூறு பக்கம்;
சுவர் முடிந்த இடத்திலும் அவர் முடிக்கவில்லை.
ஒதீலியாவின் துப்பறியும் கதையில்
கொலைகாரன் யாரென்று அவளுக்கே தெரியாது.
ரெமிகியூஷ் ஐம்பது என்று எழுதிவிட்டு உட்காருவார்,
எல்லா வாரமும் ஐம்பது.
லெஷெக் சில நாள் அழுவான்.
ஏனென்று கேட்பதில்லை,
பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்துவோம்.

நான் பகலில் பல்செட் செய்கிறவள்.
ஒன்பது வருடமாக ஒரே புத்தகம்:
அம்மா ஸ்வீடனுக்குக் கப்பலேறிப் போய்
ஒரு ஓட்டலில் அறை துடைத்த வருடம்.
பத்து அத்தியாயம் ஆயிற்று.
பதினொன்றில் அவள் திரும்பிவர வேண்டும்.
வரமாட்டேன் என்கிறாள்.
கரைக்கு வெளியே கப்பல்
ஒன்பது வருடமாக நிற்கிறது.

பதினேழு வாரம் சுழியம்.
ஒருநாள் அதற்குள் ரெமிகியூஷ்
இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்தார்.
அழிக்கச் சொல்லவில்லை நான்.

பதினெட்டாம் வாரம் இருந்ததை வாசித்தேன்:
'பெட்டி நிறையப் பரிசுகளோடு அம்மா இறங்கினாள்.'
நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கும் குரலில்
ஸ்வாவோமிர் கேட்டார்,
"பெட்டியில் என்ன இருந்தது?"

பரிசுகள் என்றேன்.
"என்னென்ன?" ஒதீலியா.
காப்பி.
"அப்புறம்?"
கீழே எந்திரம் பிழியத் தொடங்கியது.
படிவழியே ஈர வாசம் ஏறிவந்தது.
சோப்பு, என்றேன்.

நாற்பத்தேழு சோப்பு.
தீப்பெட்டி அளவு.
எல்லாம் யாரோ ஒருமுறை கைகழுவி
விட்டுப்போனவை.
குளியலறைக் கதவை ஒருக்களித்துக்கொண்டு
ஒட்டியிருந்த அந்நிய முடிகளை
ஊக்கால் ஒவ்வொன்றாய் எடுத்தாள் அம்மா.
இடுக்கில் நான் பார்த்தது அவளுக்குத் தெரியும்.
அந்த வருடம் பள்ளியில்
என் கழுத்தை முகர்ந்து பார்த்தார்கள் தோழிகள்.
வெளிநாட்டு வாசனை என்று
பெருமையடித்துக்கொண்டேன்.

யாரும் 'அடடா' சொல்லவில்லை.
'அழகு' என்றும் சொல்லவில்லை.
யாக்னா கோழியைத் திருகினாள்.

அன்று எண்ணூற்றுப் பத்து.
அடுத்த வாரம் முந்நூறு, அதற்கடுத்து பன்னிரண்டு.
ஒதீலியா ஒரு பத்தியை முழுதாக அடித்தாள்.
"இதில் நீ பேசவில்லை, பாதிரியார் பேசுகிறார்."
இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை.
பிறகு நானே அதை அடித்தேன்,
அவள் பேனாவை வாங்கி.

மார்ச்சில்
கோழி அடிக்க ஆறு நிமிடம் இருக்கையில்
அம்மா கரையில் கால் வைத்தாள்.
கடைசி வாக்கியம் நான்கே சொல்.
எழுதி முடித்ததை யாரும் பார்க்கவில்லை,
எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன.
சொல்லிவிடலாமா என்று வாய் வந்தது.
ஐந்து பேனாக்கள் உரசும் ஓசை.
அதன் நடுவே
கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சொன்னேன்.
ஸ்வாவோமிர் எழுந்துபோய் சன்னலைத் திறந்தார்,
எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை.
குளிர் உள்ளே வந்தது.
"இனி நீ வரமாட்டாய்" என்றான் லெஷெக்.

அடுத்த வியாழன்
பலகையில் என் பெயருக்கு எதிரே
ஒரு சுழி போட்டேன்.
பொய் இல்லை.
கீழே யாரோ காசு போட்டார்கள்.
தேநீர் நடுங்கத் தொடங்கியது.