அடிவரி

திரைக்கு அடியில் ஓடும் வரி என் வேலை.
மஞ்சக்குப்பம், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி,
உள்ளூர் கேபிள் சேனல்.
நகைக்கடை ஒன்று, கண்ணீர் அஞ்சலி இரண்டு,
நடுவே செய்தி.

நேற்றிரவு ஒன்றேகாலுக்கு முதலாளி போன்.
"கேஸ் கசிவு வதந்தி, நம்பாதீர்னு போடு."
நாற்றம் எனக்கே அடிக்குதே என்றேன்.
"நிஜம்னு தனியா என்னப்பா இருக்கு,
நாம ஓட்டுறதுதான்."
கண்ணெரிச்சலில் ஓர் ஒற்று விட்டுப்போய்
'வததி' என்றே ஓடியது விடியும்வரை.

ஞாயிறு வாசிப்பு வட்டத்தில்
தோழர் பாலகுருவும் இதையேதான் சொல்வார்,
இன்னும் நல்ல தமிழில்:
உண்மை வெளியே கிடப்பதில்லை,
அதிகாரம் அதை உற்பத்தி செய்கிறது.
பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
அவரும் முதலாளியும் சந்தித்ததே இல்லை.

இன்று குடிகாட்டிலிருந்து அஞ்சலாட்சி வந்தாள்,
கலெக்டர் மனு ஏழு பிரதி எடுக்க.
மாடியேறி, கொலுசைக் கழற்றி
கீபோர்டு மேல் வைத்தாள்.
போன மாதம் மெருகு போட்டது,
அடுப்புக்கரியாய்க் கறுத்திருந்தது.
"வூட்ல டிவி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு.
இதுக்குப் படிக்கத் தெரியல."

பாலகுருவிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
முகர்ந்து பார்த்தார்.
"கந்தகம்."
மேற்கோள் எதுவும் சொல்லவில்லை.

இப்போது மணி பன்னிரண்டரை.
ஒற்றைச் சேர்க்கச் சொல்லி
வாட்ஸ்அப் வந்திருக்கிறது.
கொலுசு மேஜையில்.
திருப்பித் தர விலாசம் வேண்டும்.
மனுவில் இருக்கும்.
மூலப்பிரதியை அவள்
ஜெராக்ஸ் மூடிக்கடியிலேயே விட்டுப் போயிருக்கிறாள்,
கீழே ஷட்டர் போட்டாயிற்று.