ஸ்டாக் இல்லை

தஞ்சாவூர் ஷோரூமுக்கு இந்த மாதம் நான்காவது போன்.
"பெரிய திரை மாடல் ஸ்டாக் இல்லை சார்"
என்கிறார் பஷாரத்.
இல்லை என்ற சொல்லை
இவ்வளவு ஆசையாய்க் கேட்டவன்
மாயவரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.
பழையது தீர்ந்தால்தானே
புதியது கிளம்பும்?

"வாங்க ஆளில்லை, அதனால் வரவழைக்கவில்லை"
என்கிறான் அமிர்தகடேசன்.
கேமரா அவனுடையது, கடன் இருவருக்கும்.

ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அந்தக் கம்பெனி மாடல் மாற்றிய இடைவெளிகள்:
இரண்டு வருஷம்
ஒன்றரை
மூன்றரை
பிறகு ஒரு கேள்விக்குறி,
அதைச் சுற்றி டீ டம்ளரின் வட்டம்.
வைகாசியில் வரும் என்றேன், கைக்கடிகாரம் வந்தது.
ஐப்பசியில் என்றேன், அதே கைக்கடிகாரத்துக்கு
வேறு நிற வார் வந்தது.

மாடியை வாடகைக்கு விட்ட வைரக்கண்ணு
மேட்டூரில் எத்தனை அடி என்று பார்த்துத்தான்
நாற்றுவிடுவதா தெளித்துவிடுவதா என்று யோசிப்பவர்.
"உன் கம்ப்யூட்டருக்கு அணை எங்கே?"
கலிபோர்னியாவில் என்றேன்.
"எத்தனை அடி இருக்குன்னு சொல்ல மாட்டாங்களா?"
மாட்டார்கள்.
"அப்போ கர்நாடகாவே தேவலை."

ஏழு வருஷப் பெட்டி இது.
ஃபேன் சுற்றினால் தெருவில் அறுவடை மெஷின் என்று
எட்டிப் பார்க்கிறார்கள்.
அடுத்த மாடலில் ஃபேனே இருக்காது,
கழுத்து மெலிந்திருக்கும்,
திரையின் கறுப்பு விளிம்பு போய்விடும்
(விளிம்பை நானே நோட்டில் அழித்து அழித்து
வரைந்து பார்த்திருக்கிறேன்)
என்ற நம்பிக்கையில்
பதினோரு கல்யாணங்கள் ஹார்ட் டிஸ்கில் நிற்கின்றன.
யாருக்கும் இன்னும் தாலி ஏறவில்லை.

நேற்று குத்தாலத்திலிருந்து ஞானசுந்தரி வந்தாள்.
இடுப்பில் குழந்தை, கையில் காதுகுத்துப் பத்திரிகை.
திட்டப் போகிறாள் என்று
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
"பந்தியில அப்பா சாம்பார் வாளியோட
ஓடுவாரே, அது மட்டும் போதும்ணே.
ஆடியில தவறிட்டாங்க."

அந்தக் காட்சியைத்தான் தள்ளிப்போட்டிருந்தேன்.
சீரியல் பல்பு வெளிச்சத்தில் முகமெல்லாம் ஆரஞ்சு.
புது மெஷின் வரட்டும், நிறம் சரிசெய்யலாம் என்று
மூன்று தடவை குறிப்பு எழுதியிருக்கிறேன்.
ஓட்டிக் காட்டினேன். திக்கித் திக்கி ஓடியது.
வாளி ஓர் இடத்தில், அவர் இன்னோர் இடத்தில்.
நிறத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.
குழந்தை திரையைத் தொட்டது,
விளிம்பில் எச்சில் விரல்.

இரவு பத்தேகாலுக்கு ரெண்டரில் போட்டேன்.
விடியும்போது எண்பத்து மூன்று சதவீதம்.
ஃபேன் சத்தத்துக்கு நடுவே போன்.
"சார், பஷாரத்.
ஸ்டாக் வந்திடுச்சு."
எது?
"அதே பழைய மாடல்தான் சார். நாற்பது பெட்டி.
ஒண்ணு எடுத்து வைக்கவா?"

எண்பத்து நான்கு.