பதினோராம் அடுக்கு

நான் உழவன் இல்லை. சில்லர் மெக்கானிக்.
விசாவிலும் அப்படித்தான் இருக்கிறது.
ஷார்ஜா சஜ்ஜா பேட்டையில்
டயர்க் கிடங்குக்கும் ஜிப்சம் கிடங்குக்கும் நடுவே
ஜன்னலே இல்லாத ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே பன்னிரண்டு அடுக்குக் கீரை.

நிலம் போதாததால் அடுக்கினோம் என்று
பார்க்க வருகிறவர்களிடம் சொல்கிறார் ஹுஸாம்.
தலையாட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.
வெளியே வந்தால்
கம்பி வேலி முடிகிற இடத்தில் தொடங்கி
மலை மங்கலாய்த் தெரிகிற வரை நிலம்.
சும்மா கிடக்கிற நிலம்.
இங்கே குறைவு நிலமில்லை,
இருபத்திரண்டு டிகிரி.
அதை நான்தான் தயாரிக்கிறேன்.

மண் கிடையாது. வேர்கள்
குழாய்க்குள் அந்தரத்தில் தொங்கும்,
நனைத்துப் பிழிய மறந்த நூல்கண்டு மாதிரி.
ஏழு நிமிடத்துக்கு ஒரு தூவல்.
இலை விட்ட மூச்சையும் நாங்கள் விடுவதில்லை.
ஈரமெடுக்கும் எந்திரம் அதைப் பிடித்துக் குளிர்வித்து
மறுபடி தொட்டிக்கே அனுப்புகிறது.
எங்கள் மூச்சும் அதில் சேர்த்தி;
கொஞ்சம் மொக்லெஸின் இருமல்,
கொஞ்சம் யோகமலரின் முணுமுணுப்பு.
உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.
இங்கே உழவே இல்லை, கணக்கு மட்டும்.
ஒரு லெட்யூஸ் எத்தனை யூனிட் தின்றதென்று
திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முகாமில் நாங்களும் அடுக்குதான்.
கட்டிலுக்கு மூன்று தளம், எனக்கு நடுவிலது.
கீரைக்கு அடுக்குக்கு நாற்பது சென்டிமீட்டர்,
எனக்கு முப்பது கூடுதல்.
அளந்து பார்த்தேன்,
டேப் எப்போதும் பையில் இருப்பதால்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, இரண்டு பத்துக்கு
மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டர் ஒருமுறை செருமிவிட்டு அடங்கியது.
பம்பு நின்றால் வேருக்கு இருபது நிமிடம்.
சுவரில் மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கிறார்கள்.
தமிழ் அதில் இல்லை. தெரியும்.

யோகமலர் கைத்தெளிப்பானோடு ஏணியில் ஏறினாள்.
தில்மாயா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்,
வாயில் கவ்விய கைபேசியில் வெளிச்சம்.
மொக்லெஸ் குழாய் மூடிகளைக் கழற்றிக்கொண்டே ஓடினான்.
நான் வெளியே, முப்பத்தேழு டிகிரி இருட்டில்,
ஜெனரேட்டரின் வயிற்றுக்குள் கைவிட்டபடி.

வடிகட்டி முழுக்க மணல்.
சலித்த மாவு மாதிரி மணல்.
தட்டினேன், ஊதினேன், சட்டையால் துடைத்தேன்.
வேலிக்கு வெளியே சும்மா கிடந்தது
ஒரு கைப்பிடி உள்ளே வந்து
உட்கார்ந்திருந்தது.

பெரிய ஸ்பேனர் எடுக்க உள்ளே ஓடினேன்.
எட்டு மாதமாக ஊதா விளக்கின்கீழ்
கறுப்பாகவே பார்த்திருந்த இலைகள்
அந்தக் கைபேசி வெளிச்சத்தில்
பச்சை.
இதில் சொல்ல என்ன இருக்கிறது, இலை பச்சை.
ஆனாலும் நின்றுவிட்டேன்.
இருபதில் அரை நிமிடம் அப்படிப் போயிற்று.
"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள், ஓடுங்கோ!"
ஏணி உச்சியிலிருந்து யோகமலர்.

ஏணி பத்தாம் அடுக்குவரைதான் எட்டும்.
அதற்கு மேல் போகிற மேடை
மின்சாரத்தில் ஏறுவது.
பன்னிரண்டில் நாற்றுகள்,
பஞ்சுக்குள் ஈரம் மிச்சமிருந்தது, பிழைத்துக்கொண்டன.
இரண்டு முப்பத்துநாலுக்கு எஞ்சின் பிடித்தது.
விளக்கு வந்ததும் எல்லாம் பழையபடி கறுப்பு.

காலையில் படிவம் நிரப்பினேன்.
இழப்பு: பதினோராம் அடுக்கு, கேல், எண்பத்துநாலு செடி.
காரணம் என்ற கட்டத்தில் 'நிலம்' என்று எழுதி
அடித்துவிட்டு
'மணல்' என்று எழுதினேன்.
ஹுஸாம் கையெழுத்துப் போட்டார், படிக்கவில்லை.

வதங்கியது கடைக்கு ஆகாது.
மறுநாள் யோகமலர் அதைப் பொடியாய் அரிந்து
தேங்காய்ப்பூப் போட்டு வறுத்து
டப்பாவில் கொண்டு வந்தாள்.
கேலிலே வறையா என்றேன்.
"கீரை எண்டாக் கீரைதானே."
உப்பு கொஞ்சம் தூக்கல்.
மொக்லெஸ் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான்.