தனிவளை

ஷார்லட் நகரின் கிழக்கே
வெள்ளிக்கிழமை விலைக்கு வந்த வீடு
ஞாயிற்றுக்கிழமை விலைக்கு இருக்காது.
ஒன்பது வீடுகளுக்குக் கேட்டுவிட்டேன்.
தரகர் ரோவீனா ஒரே சொல்லில் செய்தி அனுப்புவாள்:
போச்சு.

வாங்குவது டல்லாஸில் ஏதோ ஒரு மாடியில்
ஒரு கணினி.
அது படியேறிப் பார்ப்பதில்லை.
கம்பளத்தில் ஊறிய பூனை மூத்திரம்
அதன் மூக்குக்கு எட்டாது.
முழு ரொக்கம், பன்னிரண்டு நிமிடம்.

நான் ஏசி பழுதுபார்ப்பவன்.
இந்த ஊர்ப் பரண்களில் பாதியை
என் முழங்கால்களுக்குத் தெரியும்.
ஐம்பத்து நான்கு வயதில் அவை
ஓய்வூதியம் கேட்கின்றன.
அதற்காகத்தான் ஒரு வாடகை வீடு. ஒன்றே ஒன்று.

பத்தாவது வீட்டின் பின்னால் ரயில் பாதை.
கணினிக்குப் பிடிக்கவில்லை போலும்.
சோதனை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு
நானே டார்ச்சோடு தரைக்கடியில் ஊர்ந்தேன்.
எலிவளையானாலும் தனிவளை என்பார்கள்.
அங்கே எலி முந்திக்கொண்டிருந்தது,
இளஞ்சிவப்புப் பஞ்சில் மெத்தை போட்டு.

ஃபில்டர் பெட்டியின் முதுகில் கணக்கு:
கடன் தவணை ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தைந்து
வரி நூற்றுத் தொண்ணூறு
காப்பீடு நூற்றுப்பத்து
கூரைக்கும் குழாய்க்கும் நூற்று இருபத்து நான்கு.
வாடகை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது வந்தால்
மிச்சம் எழுபத்தொரு டாலர்.
எழுபத்தொன்றை இரண்டு முறை கோடிட்டேன்.

ரோவீனா சொல்லிக் கொடுத்த வரியை
ஒப்பந்தத்தில் சேர்த்தேன்:
யார் எவ்வளவு கேட்டாலும்
அதற்கு மேல் மூவாயிரம்.

பலித்தது.
தோற்றவரின் தாளை ஆதாரமாக அனுப்பினார்கள்.
இரண்டு லட்சத்து அறுபத்தையாயிரம்.
பெயர் இருந்த இடத்தில்
கறுப்பு மை, ஒரு விரல் நீளத்துக்கு.

சாவியோடு போனேன்.
குடியிருந்தவள் கதவைத் திறந்தாள்.
ஒடெஸா மெபேன், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
ஆறு வருடமாக அங்கே.
தண்ணீர் சூடாக்கி புதிதாக இருக்கிறதே என்றேன்.
நான்தான் மார்ச்சில் மாற்றினேன் என்றாள்.
வாடகைக்கு இருப்பவர் எதற்கு மாற்ற வேண்டும்?
கேட்டிருக்கக் கூடாது.

"அறுபத்தைந்து வரை போனேன்.
அதற்கு மேல் வங்கி விடவில்லை."

பின்னால் சரக்கு ரயில் வந்தது.
எண்பது பெட்டியாவது இருக்கும்.
அது முடியும்வரை பேச முடியாது என்பது
எனக்கு வசதியாக இருந்தது.

என் வரியில் ஒரு 'யார்' இருந்தது.
அந்தச் சொல்லுக்கு ஆள் உண்டென்று
நான் யோசிக்கவில்லை.
டல்லாஸோடு மல்லுக்கட்டுவதாகத்தான்
நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கட்டிக்கொண்டிருந்தது ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தைந்து.
நான் ஆயிரத்து எழுநூறு என்று எழுதினேன்.
மாதம் எழுபத்தொன்பது டாலர் என் கையை விட்டுப் போகும்.
கருணை என்று சொல்ல மாட்டேன்,
ஏற்றித்தானே எழுதினேன்.
அவளும் நன்றி சொல்லவில்லை.
கடிதத்தை நான்காய் மடித்தாள்.

ஆகஸ்டில் ஏசி நின்றது.
நான் பரணில், அவள் ஏணியடியில்
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு.
இன்னும் கொஞ்சம் இடது என்றேன்.
தெரியும், போன தடவையும் அதே இடம்தான் என்றாள்.

ஒன்றாம் தேதி தவறுவதில்லை காசோலை.
இடது மூலையில் அச்சிட்டிருக்கிறது
முழுப் பெயரும்,
அதன் கீழே என் வீட்டு முகவரியும்.