இருபது வளைவுக்கு ஒரு கேரியர்

கேட் செய்வேன், ஜன்னல் கம்பி செய்வேன்,
மாடிப்படிக்குக் கைப்பிடி செய்வேன்.
பில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால்
நின்ற இடத்திலேயே நிற்பவை எல்லாம்.

செவ்வாய்ப்பேட்டை மூட்டை லாரிகளுக்கு நடுவே
ஸ்ப்ளெண்டரை நுழைத்து நிறுத்தி
கால்நடை ஆய்வாளர் சுகிர்தா கேட்டார்:
'இதுக்கு ஒரு கேரியர் வேணும்.'
'எதை ஏத்த?'
'காளைங்களை.'
இர்ஃபான் சிரித்த சிரிப்பில்
கிரைண்டர் கை நழுவப் பார்த்தது.

அலுமினியக் கேன் ஒன்றை மேசையில் வைத்தார்.
பால் கேனுக்குத் தம்பி போல் இருந்தது.
உள்ளே திரவ நைட்ரஜன்,
பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.
அந்தக் குளிரில்
கூல்டிரிங்ஸ் ஸ்ட்ராவை விட மெல்லிய குழல்களில்
நாலு ஜெர்சி, மூணு சிந்தி,
கொம்பில்லாமல், கோபமில்லாமல்.

'நாகலூர் போகணும், செம்மநத்தம் போகணும்.
மாடு கத்த ஆரம்பிச்சா ஒரு நாள்தான்.
கேன் சாயக் கூடாது.
குதிக்கக் கூடாது.
மூடியை இறுக்கவும் கூடாது, மூச்சு விடணும்.'
'இத்தனை நாள்?'
'கயிறு. அப்புறம் சாமி.'

சாக்பீஸால் தரையில் வரைந்தேன்.
மேலே அழுத்தக் கூடாதென்றால்
இடுப்பைத்தான் பிடிக்க வேண்டும்.
முக்கால் இஞ்ச் பைப்புக்குள்
மணலை இடித்து நிரப்பி
முழங்காலுக்கும் தூணுக்கும் நடுவே வளைத்தேன்.
மெல்லிய பைப், ராடு ஒரு நொடி தூங்கினால் ஓட்டை.
இரண்டு ஓட்டை விழுந்தது. அடைத்தேன்.
கிக்கரை உதைத்துப் பார்த்தால்
இடது பக்கம் போல்ட்டில் ஏதோ கிறீச்சென்றது,
அரை இஞ்ச் அறுத்தேன்.
பட்டைக் கம்பியில் வளையம், உள்ளே லாரி டியூப் ரப்பர்,
ரெட் ஆக்சைடு, மேலே கறுப்பு.
யானை ஏறி உட்காரலாம் என்று
நான் சொன்னது உண்மைதான்.

எட்டாம் நாள் வந்தார்.
ஷாக் அப்சார்பர் பக்கத்துக் கால்
வாய் பிளந்திருந்தது.
என் வெல்டு அப்படியே இருந்தது,
அதை ஒட்டிய பைப்தான் கிழிந்திருந்தது.
'பதினொன்றாம் வளைவு' என்றார்.
கேனைத் துப்பட்டாவில் கட்டி மடியில் வைத்தபடி
காப்பி லாரியில் இறங்கி வந்திருக்கிறார்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ராத்திரி அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கேட்டுக்கு அசையாமல் இருப்பதுதான் வேலை.
இதற்கு அது தெரியவே கூடாது.

கால்களை அறுத்தேன்.
போல்ட்டுக்குப் போல்ட் ரப்பர் புஷ்,
மூலைக்கு முக்கோணத் தகடு,
ஒரு விரல் அளவு ஆட இடம்.
'லூசா இருக்குண்ணே' என்றான் இர்ஃபான்.
'இருக்கட்டும்.'

விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய கேனுடன்
ஞாயிறு காலை நானே மலை ஏறினேன்.
இருபத்தைந்து வருடமாகச் சேலம்,
கடைக் கதவு திறந்தால் எதிரே மலை,
வண்டியில் ஏறியது அன்றுதான்.
முதல் வளைவில் கையெல்லாம் வியர்வை.
ஆறாவதில் குரங்கு ஒன்று
கேனை வெகு அக்கறையாகப் பார்த்தது.
பதினொன்றில் பல்லைக் கடித்தேன்.
முதுகுக்குப் பின்னால் அது
என்னோடு சாய்ந்தது, என்னோடு நிமிர்ந்தது.
ஏரிக்கரையில் நிறுத்தி மூடியைத் திறந்தேன்:
இரண்டு விரல் குறைந்திருந்தது.
சட்டையின் பின்பக்கம் ஈரம்.
பரவாயில்லை என்று
மிளகாய் பஜ்ஜி தின்றேன்.

அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை.
பஸ் ஸ்டாண்டில் கறுப்புக் கேரியர் எது போனாலும்
காலைத்தான் பார்ப்பேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம் வந்தார்.
வண்டியெல்லாம் செம்மண், வளையத்தில் வைக்கோல்.
செம்மநத்தத்தில் கிடேரி பிறந்ததாகச் சொன்னார்,
நெற்றியில் வெள்ளையாம், துள்ளுகிறதாம்.
நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்:
வலது பக்கம் எட்டு எம்எம் போல்ட் இல்லை.
அந்த ஓட்டையில்
வளைத்துச் செருகிய ஒரு ஆணி.

'எத்தனை நாளா?'
'தீபாவளிக்கு முன்னாடி.'
எனக்கு வந்ததே கோபம்.
'இர்ஃபான், அந்த டப்பாவை எடு' என்றேன்.
ஆணி வர மறுத்தது.