ஓடு

ஓட்டோடு வாங்கினால் மலிவு,
உரித்து வாங்கினால் காசு.
கடலைக்கு இது நியாயம், உரித்தவளுக்குக் கூலி.
எட்டு டெரா ஹார்ட் டிஸ்க்குக்கு என்ன நியாயமோ,
பெட்டியோடு பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்,
பெட்டி இல்லாமல் பதினேழு.
"அந்தக் கூலிய நாமளே எடுத்துக்குவோம்"
என்றான் தஸ்தகீர்.

குடியாத்தத்தில் வைகாசி பிறந்தால் சிரசு.
நாலு கேமரா, ராத்திரி பகல்.
போன வருஷக் கல்யாணங்களே இன்னும்
இடத்தைக் காலி பண்ணவில்லை.

செத்துப்போன ஏடிஎம் கார்டை விளிம்பில் சொருகி
ஒரு நெம்பு.
டக்.
முதல் கொக்கியோடு வாரண்டி போச்சு.
மூன்றாவது பின்னில் மஞ்சள் டேப் ஒட்டணும்,
இல்லையென்றால் சுற்றாது.
ஏன் என்றால் "அந்தக் கரண்ட் அதுக்கு ஆகாது" என்பான்,
பத்தியம் சொல்வதுபோல்.

ஏழு உரித்தாயிற்று.
காலி ஓடு ஒன்றில் திருகாணி, ஒன்றில் டீக்கடை பாக்கிச் சீட்டு,
மற்றதெல்லாம் சும்மா, தூக்கிப்போட மனசில்லாமல்.

எட்டாவதைச் சோதிக்காமலே நெம்பினோம்.
டக் என்று சொல்லவில்லை.
லேசாய்க் கையோடு வந்தது,
யாரோ முன்பே திறந்து பார்த்த வாய்.
உள்ளே ஐந்நூறு ஜிபி. பழசு. ஓரத்தில் துரு.
எட்டு டெராவை உருவிக்கொண்டு
கிழட்டுத் தலை ஒன்றை இந்த உடம்பில் பொருத்திக்
கடைக்கே திருப்பியிருக்கிறான்,
எங்களைப் போல் கணக்குப் பார்க்கிற ஒருத்தன்.

"ரேணுகைக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தேன்.
"உங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு அம்மன் கதை"
என்று சிரித்தான்,
இதே தரணம்பேட்டையில் பிறந்தவன்.
புகாருக்கும் வழியில்லை.
கார்டில் அவன் பேர், நெம்பியது என் கை.

செருகினோம். ஓடியது.
ஏதோ தோல் ஷெட் வாசல், சிசிடிவி,
பதினொரு ராத்திரி.
இரும்பு கேட். பிளாஸ்டிக் நாற்காலி.
வாட்ச்மேன் தலை சாய்கிறது, நிமிர்கிறது, சாய்கிறது.
இரண்டே காலுக்கு ஒரு நாய் குறுக்கே போகிறது.
நாலு மணிக்குத் திரும்பி வருகிறது.
மறுநாளும் அதே இரண்டே கால்.
ஆல்பம் கேட்டு வந்தவரை உட்காரவைத்துவிட்டு
பதினொன்றையும் ஓட்டிப் பார்த்தோம்.
ஒன்பதாம் ராத்திரி நாய் வரவில்லை,
வாட்ச்மேன் எழுந்து கேட்டுக்கு வெளியே
எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ஐந்நூறு ஜிபி ஒரு கேமராவுக்குக் காணும்.
அழிக்கலாமா என்று கேட்டது கம்ப்யூட்டர்.
"இரு" என்றேன்.

நாற்பது எம்பி.
பத்தாம் ராத்திரி, நாய் திரும்ப வந்தது.
என் போனில் இருக்கிறது.